இறாலுக்கு எது நல்ல தண்ணி?

யாழ்ப்பாணத்தில் வீடோ காணியோ பார்க்கப் போகிறவர் முதலில் எட்டிப் பார்ப்பது கிணற்றைத்தான். "தண்ணி எப்படி, நல்ல தண்ணியோ சவரோ?" என்ற கேள்விக்குப் பதில் வந்த பிறகுதான் விலை பற்றிய பேச்சு. நல்ல தண்ணியைக் கண்டுபிடிக்க எங்கள் வீடுகளில் எப்போதும் மூன்று சோதனைகள் உண்டு. வாயில் வைத்தால் கரிக்கக் கூடாது, பருப்பு அவிய வேண்டும், சவர்க்காரம் நுரைக்க வேண்டும். பின்னைய இரண்டும் தண்ணீரின் வன்மையை, அதாவது அதில் கரைந்திருக்கும் கல்சியத்தையும் மகனீசியத்தையும் பார்க்கிற சோதனைகள் என்பது எனக்குப் பிடிபட்டது, இறால் வளர்க்கத் தொடங்கி முதல் கூட்டத்தைச் சாகக் கொடுத்த பிறகுதான்.

நான் சொல்வது சாப்பிடுகிற றால் அல்ல. விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளமான, சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக மீன் தொட்டியில் வளர்க்கப்படும் நன்னீர் இறால். கடைகளில் 'செரி' என்ற பெயரில் கிடைப்பது நியோகரிடினா வகை. எங்கள் கிணறு ஊரில் பெயர்பெற்ற நல்ல தண்ணிக் கிணறு. தொட்டியில் நீர் குறையக் குறைய அதில் அள்ளி ஊற்றினேன், இரண்டு மாதம் எல்லாம் சரியாகவே இருந்தது. பிறகு ஒரு வாரத்துக்குள் பாதிக்கு மேல் செத்துப்போயின. அம்மா சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "உந்தத் தண்ணியைக் குடிச்சுத்தானே நீங்கள் எல்லாரும் வளர்ந்தனீங்கள், றாலுக்கு மட்டும் என்ன கேடு?"

கேடு தண்ணீரில் மட்டும் இல்லை, இறாலின் உடம்பிலும் இருக்கிறது. நன்னீரில் வாழும் இறாலின் இரத்தம், அதைச் சூழ்ந்திருக்கும் நீரைவிட உப்புக் கூடியது. ஆகவே நீர் செவுள் வழியாக ஓயாமல் உள்ளே புகுந்துகொண்டே இருக்கும், உப்புகள் வெளியே கசிந்துகொண்டே இருக்கும். இறால் நீரை வெளியேற்றி, கசிந்த உப்பைத் திரும்ப இழுத்துப் பிடித்துச் சமாளிக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த பிரசாரணம்தான். வெளி நீரின் உப்பு அளவு மெதுவாக மாறினால் உடம்பு பழகிக்கொள்ளும். திடீரென்று குறைந்தால் நீர் உள்ளே பெருகி, நேரம் வராமலே ஓடு கழற்ற வைக்கும். பழைய ஓடு சரியாக வெடிக்காமல் தலைக்கும் உடம்புக்கும் இடையில் வெள்ளை வளையம் போட்டதுபோலத் தெரிந்தால், அந்த இறால் பெரும்பாலும் தப்பாது. ஓடு கழற்றிய பிறகும் ஒரு கண்டம் உண்டு. புது ஓட்டை இறுக்கத் தேவையான கல்சியத்தில் பெரும்பகுதியை அது நீரிலிருந்துதான் எடுக்கிறது. கல்சியமே இல்லாத நீரில் புது ஓடு மெத்தென்றே கிடக்கும்.

ஆக, இறாலுக்கு வேண்டியது ஒன்றுமில்லாத வெறும் தண்ணீர் அல்ல. உள்ளே என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரிந்த, நாளுக்கு நாள் மாறாத தண்ணீர். சுத்திகரிப்பதன் நோக்கமே அதுதான். முதலில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பிறகு வேண்டியதை மட்டும் அளந்து போடுவது.

எங்கள் கிணறுகளில் என்னதான் இருக்கிறது? குடாநாடு மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. வழுக்கியாறுகூட மாரியில் மட்டும்தான் ஆறு. பெய்கிற மழை கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு, கீழே இருக்கும் கடல்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. நீர்மட்டம் கடல்மட்டத்தைவிட ஒரு மீற்றர் உயர்ந்து நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலநீர்க்காரரின் கணக்கு. மட்டத்தைக் கொஞ்சம் இறைத்துக் குறைத்தால் உப்பு பல மடங்கு மேலே ஏறிவரும் என்பதும் அதே கணக்குத்தான். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீருமாக இருப்பது இதற்கு எல்லாரும் அறிந்த சாட்சி.

இந்த வில்லை ஒன்றல்ல. சுன்னாகத்தை நடுவாகக் கொண்ட வலிகாமத்து நிலநீர் பெரியது. தென்மராட்சி, வடமராட்சி, ஊர்காவற்றுறை என்று மற்றவை. ஆகவே 'யாழ்ப்பாணத்துத் தண்ணி' என்று ஒரு தண்ணீர் கிடையாது. வலிகாமத்தின் செம்மண் தோட்டப்பக்கம் கல்சியமும் நைத்திரேற்றும் கூட. தீவுப்பக்கமும் கரையோரமும் சோடியமும் குளோரைட்டும் கூட. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட்ட உரமும், வீட்டு மலக்குழிகளின் கசிவும் கிணறுகளுக்குள் இறங்குவது 1980களிலேயே ஆய்வுகளில் பதிவான சங்கதி. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. இறால் தொட்டியில் 20க்குக் கீழே வைத்திருக்கவே வளர்ப்பவர்கள் பாடுபடுகிறார்கள். ஊற்றுகிற தண்ணீரே அதைத் தாண்டியிருந்தால் என்னதான் தண்ணீர் மாற்றினாலும் என்ன பயன்?

இங்கே பலரும் தடுக்கி விழுகிற இடம் ரி.டி.எஸ். மீற்றர். பேனைபோல இருக்கும், நீரில் தோய்த்தால் ஒரு எண் காட்டும். அது உண்மையில் அளப்பது நீர் எவ்வளவு மின்சாரத்தைக் கடத்துகிறது என்பதை மட்டும். அதை ஒரு காரணியால் பெருக்கி, கரைந்த உப்பு லீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்று ஒரு மதிப்பீடு தருகிறது. 200 என்று காட்டினால் அது கல்சியமா, கறியுப்பா, நைத்திரேற்றா என்று அதற்குத் தெரியாது. தீவுக் கிணற்று நீரை ஆர்.ஓ. நீரோடு, அதாவது மென்சவ்வின் ஊடாகத் தள்ளி உப்பை எடுத்த நீரோடு, கலந்து 200க்குக் கொண்டுவரலாம். கல்சியம் கூடிய வலிகாமத்துக் கிணற்று நீரையும் அதே 200க்குக் கொண்டுவரலாம். முதலாவதில் இறாலுக்கு ஓடு பிடிக்காது. ஆகவே மீற்றரோடு சேர்த்து இரண்டு சொட்டுச் சோதனைகள் கட்டாயம் வேண்டும். ஒன்று ஜி.எச்., அதாவது கல்சியமும் மகனீசியமும் சேர்ந்த பொது வன்மை. மற்றது கே.எச்., அதாவது பி.எச். எனப்படும் அமில காரத் தன்மையின் எண் விழாமல் தாங்கிப் பிடிக்கிற காபனேற்று வன்மை. சோதனைக் குழாயில் 5 மில்லிலீற்றர் நீர் எடுத்து, நிறம் மாறும்வரை சொட்டுகளை எண்ண வேண்டும். ஒரு சொட்டு ஒரு பாகை. ஒரு பாகை என்பது கல்சியம் காபனேற்றாகக் கணக்கிட்டால் லீற்றருக்கு 17.8 மில்லிகிராம்.

செரி இறாலுக்கு ஜி.எச். 6 முதல் 8, கே.எச். 2 முதல் 5, ரி.டி.எஸ். 150 முதல் 250 வரை, பி.எச். 7ஐ ஒட்டி. இதைவிடக் கூடின வன்மையிலும் அது வாழும், பெருகவும் செய்யும். அதனால்தான் தொடங்குகிறவருக்கு இதை விட்டால் வேறு நல்ல வகை இல்லை என்பேன்.

சரி, வன்மையையும் உப்பையும் எப்படி எடுப்பது? முதலில், எடுக்காதவற்றைச் சொல்லிவிடுகிறேன். கொதிக்க வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்தால் அந்த நம்பிக்கை வருவது இயல்புதான். இருகாபனேற்றோடு சேர்ந்திருக்கிற கல்சியம் கொதிக்கும்போது சுண்ணாம்பாகப் படியும், அது மெய். ஆனால் கறியுப்பும் நைத்திரேற்றும் அப்படியே நிற்கும். ஆவியாகிப் போன நீரின் அளவுக்கு அவை இன்னும் செறிந்துவிடும். கரி வடிகட்டியும், மேசையில் வைக்கிற வடிகட்டிகளும் மணத்தையும் குளோரீனையும் எடுக்கும், உப்பைத் தொடாது. சில வீடுகளில் பூட்டியிருக்கும் உப்புப் போடுகிற மென்னீராக்கி இன்னும் மோசமான ஏமாற்று. அது கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடுகிறது. சவர்க்காரம் நன்றாக நுரைக்கும், மீற்றரின் எண்ணோ அசையாது.

மிஞ்சுவது ஆர்.ஓ. ஒன்றுதான். முன்னால் மண்ணைப் பிடிக்கும் வடிகட்டி, அடுத்துக் கரி, பிறகு மென்சவ்வு. பிரசாரணத்தைத் தலைகீழாக்கி, அமுக்கம் கொடுத்து நீரை மட்டும் மென்சவ்வின் ஊடாகத் தள்ளுவதுதான் வேலை. மேல்தாங்கியிலிருந்து வரும் குழாயில் நேரே பூட்டிவிட்டு "சொட்டுத்தான் வருகுது" என்று குறைப்படுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 6 மீற்றர் உயரத் தாங்கி தருகிற அமுக்கம் 0.6 பார். லீற்றருக்கு 1,000 மில்லிகிராம் உப்புள்ள நீரின் பிரசாரண அமுக்கமே கிட்டத்தட்ட 0.7 பார். தாங்கி தோற்றுத்தான் போகும். இந்த மென்சவ்வுகளுக்கு 3 முதல் 4 பார் வேண்டும், அதற்குச் சின்ன பூஸ்டர் பம் ஒன்று பூட்ட வேண்டும்.

நல்ல மென்சவ்வு கரைந்த உப்பில் 95 வீதத்துக்கு மேல் தடுக்கும். நைத்திரேற்று மட்டும் மற்றவற்றைவிட இலகுவாக நழுவும். தோட்டப்பக்கக் கிணறு என்றால் கடைசியில் அயன் பரிமாற்ற ரெசின் குப்பி ஒன்றையும் சேர்த்துவிட்டால் நிம்மதி. வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரீன் தூள் போட்டிருந்தால் அந்த நாட்களில் இயந்திரத்தைப் போடாதீர்கள். குளோரீன் மென்சவ்வைத் தின்றுவிடும். கரி வடிகட்டி அதைத் தாங்குவது ஓரளவுக்குத்தான். இன்னொன்று, இரவு முழுக்க நின்ற இயந்திரத்திலிருந்து காலையில் வருகிற முதல் நீரைப் பிடிக்கக் கூடாது. நிற்கும் நேரத்தில் உப்பு மென்சவ்வுக்கு அப்பால் மெல்லக் கசிந்திருக்கும். ஐந்து நிமிடம் ஓடவிட்டு, மீற்றரின் எண் இறங்கி நின்ற பிறகு பிடிக்கலாம்.

ஒரு லீற்றர் நல்ல நீருக்கு மூன்று லீற்றர் கழிவு நீர் போகிறது. தண்ணீருக்குப் பவுசர் பார்த்திருக்கிற தீவகத்து வீடுகளும் உள்ள இடத்தில் இருந்துகொண்டு அதை வாய்க்காலில் விட எனக்கு மனம் ஒப்பவில்லை. அது அழுக்கு நீர் அல்ல, உப்புச் செறிந்த நீர். 600 உள்ள கிணற்று நீர் கிட்டத்தட்ட 800 ஆகி வெளியே வரும். கக்கூசுக்கும் நிலம் கழுவவும் போதும், தென்னைக்கும் ஊற்றலாம். கறிவேப்பிலைக் கன்றுக்கு வேண்டாம்.

இயந்திரம் வாங்க வசதியில்லை என்றால் 20 லீற்றர் கான் தண்ணி விற்கிற கடைகள் இப்போது சந்திக்குச் சந்தி உண்டு. அதுவும் ஆர்.ஓ.தான். ஆனால் குடிக்க ருசியாக இருக்க வேண்டும் என்று சில இடங்களில் கொஞ்சம் மூல நீரைக் கலந்து விடுவார்கள். ஒவ்வொரு கானிலும் மீற்றரைத் தோய்த்துப் பாருங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற நீரும் காய்ச்சி வடித்ததுதானே என்று ஒரு நண்பர் கேட்டார். காய்ச்சி வடித்ததுபோலத்தான், ஆனால் செப்புக் குழாயின் மேல் வழிந்து வருகிறது. செம்பு இறாலுக்கு நஞ்சு.

மழைநீரைப் பற்றி எனக்குக் கொஞ்சம் ஓரவஞ்சனை உண்டு, ஒத்துக்கொள்கிறேன். வருட மழையில் பெரும்பங்கை ஒக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கிற ஊர் இது. கூரை நன்றாகக் கழுவுப்பட்ட பிறகு, நீலப் பிளாஸ்ரிக் பரலில் பிடித்த மழைநீரில் மீற்றர் பல நாட்களில் 20ஐத் தாண்டுவதில்லை. கரண்டும் இல்லை, கழிவும் இல்லை. முதல் இரண்டு மூன்று மழையை மட்டும் விட்டுவிட வேண்டும், அதில் கோடை முழுக்கச் சேர்ந்த தூசும் காக்கை எச்சமும் இருக்கும். நாகத்தகரக் கூரையும் வேண்டாம், ஓட்டுக் கூரை நல்லது. சீமெந்துத் தொட்டியில் சேமித்த மழைநீர் வேறு சாதி: சீமெந்திலிருந்து சுண்ணாம்பு இறங்கி பி.எச். ஏறியிருக்கும். பரலை மூடிக் கட்டுங்கள், நுளம்பு முட்டையிடும். அதற்காக நுளம்புக் குடம்பியைக் கொல்கிற மருந்தைப் போட்டுவிடாதீர்கள். பூச்சியைக் கொல்வது இறாலையும் கொல்லும், இரண்டும் கணுக்காலி இனம். டெங்குக்குப் புகையடிக்க வருகிறார்கள் என்றால் தொட்டியை ஈரத்துணியால் மூடி, காற்றுப் பம்மை நிறுத்திவிட்டு, புகை போனபின் போடுவேன். பக்கத்துத் தோட்டத்தில் மிளகாய்க்கு மருந்தடிக்கும் நாளிலும் அதே பாடுதான்.

இனி உப்பைத் திரும்பப் போடுகிற வேலை. இதற்கென்று போத்தலில் விற்கிற தூள்கள் உண்டு, கிடைத்தால் அதுவே சுகம். கிடைக்காத நாட்களில் நான் செய்வது இது. 20 லீற்றர் ஆர்.ஓ. நீருக்கு உணவுத் தர ஜிப்சம் 2.5 கிராம், பார்மசியில் வாங்கும் பேதியுப்பு 1.8 கிராம், சமையல் சோடா 1.2 கிராம். ஜிப்சம் நாலு பாகையும் பேதியுப்பு இரண்டு பாகையுமாக ஜி.எச். 6 வரும், சோடா கே.எச்.ஐ 2 ஆக்கும். கரைந்த உப்பின் கூட்டுத்தொகை லீற்றருக்கு ஏறத்தாழ 200 மில்லிகிராம். நகை நிறுக்கிறதுபோன்ற சின்னத் தராசு வேண்டும், கரண்டிக் கணக்குச் சரிவராது. ஜிப்சம் லேசில் கரையாது. காற்றுக்கல் ஒன்றைப் போட்டு இரவு முழுக்க விடுங்கள். வெறும் ஆர்.ஓ. நீரின் பி.எச்.ஐ அளந்து 5.8 என்று பார்த்துப் பயப்பட வேண்டாம். தாங்கிப் பிடிக்க எதுவுமில்லாத நீர் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சிக் காட்டுகிற எண் அது. சோடா போட்டதும் சரியாகும்.

கிணறு நல்லதாக வாய்த்திருந்தால் இந்தத் தூள் வேலையே வேண்டாம். எங்கள் கிணற்றில் ரி.டி.எஸ். 600, ஜி.எச். 18. ஒரு பங்கு கிணற்று நீருக்கு இரண்டு பங்கு ஆர்.ஓ. நீர் கலந்தால் 210ஐ ஒட்டியும் ஜி.எச். 6 ஆகவும் வருகிறது. அருமையான இறால் தண்ணி. அதே கலவையை 1,500 காட்டுகிற கரையோரக் கிணற்றில் செய்தால் ரி.டி.எஸ். 500ஐத் தாண்டும், அதில் பெரும்பகுதி வெறும் உப்பு. கிணற்று நீரும் காலத்துக்குக் காலம் மாறும். மாரியில் நீர்மட்டம் ஏறும்போது தோட்டத்து உரமும் மழையோடு சேர்ந்து கீழே இறங்கும், கோடையில் உப்பு ஏறும். ஆகவே கலக்கிற ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும், போன மாதக் கணக்கை நம்பக் கூடாது.

இப்போது என் இறால்கள் செத்த கதைக்கு வருகிறேன். அது சோளகக் காற்றுக் காலம். தொட்டி நீரின் வெப்பம் 30 பாகைக்கு ஏறக் கூடாது என்று மேலே ஒரு சின்ன மின்விசிறி பூட்டியிருந்தேன். விசிறி ஆவியாக்கித்தான் குளிர்விக்கிறது. 60 லீற்றர் தொட்டியில் நாளுக்கு ஒரு லீற்றர் போய்க்கொண்டிருந்தது. ஆவியாவது நீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கும். குறைந்த லீற்றரை நான் நாள்தோறும் கிணற்று நீரால் நிரப்பினேன். லீற்றருக்கு 600 மில்லிகிராம் என்றால் நாற்பது நாளில் 24 கிராம் உப்பு. கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்தது போக, 250இல் தொடங்கிய தொட்டி 600ஐத் தாண்டியிருந்தது. இறால்கள் அதற்கும் மெல்லப் பழகித்தான் இருந்தன. எண்ணைக் கண்டு பதறி, பாதித் தண்ணீரை வெளியே எடுத்துவிட்டு வெறும் கான் தண்ணியை ஒரேயடியாக ஊற்றினேன். ஒரு மணித்தியாலத்தில் கிட்டத்தட்டப் பாதிக்கு விழுந்தது. அடுத்த மூன்று நாளும் காலையில் எழும்பினால் வெள்ளை வளையம்தான். அம்மா சொன்னது ஒரு வகையில் சரி. கிணற்றுத் தண்ணி அவற்றைக் கொல்லவில்லை, நான்தான் கொன்றேன்.

ஆகவே இரண்டு பரல் வைத்திருக்கிறேன். ஒன்றில் வெறும் ஆர்.ஓ. நீரோ மழைநீரோ; ஆவியாகிக் குறைகிறதை நிரப்ப அது மட்டும். மற்றதில் உப்புச் சேர்த்த நீர். வாரம் ஒரு தடவை பத்தில் ஒரு பங்கை மாற்ற. மூடியில் மார்க்கரால் பெரிதாக எழுதியிருக்கிறேன், வீட்டில் மற்றவர்கள் மாறி ஊற்றாமல் இருக்க. புது இறால் வாங்கி வந்தால் பார்மசிச் சேலைன் குழாயால் தொட்டி நீரைச் செக்கனுக்கு இரண்டு சொட்டாக இரண்டு மணித்தியாலம் விட்டுப் பழக்குகிறேன்.

கறுப்பு வெள்ளைப் பட்டை, சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட கரிடினா வகைகளைப் பற்றியும் கேட்பார்கள். அவற்றில் சிவப்பு வெள்ளைப் பட்டை, 1990களில் ஜப்பானில் ஹிசயாசு சுசுகி என்பவர் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய வகையிலிருந்து வந்த அழகு. கே.எச். பூச்சியத்தை ஒட்டி, பி.எச். 6 அளவில், நீர் 23 பாகைக்குள் வேண்டும். நீரைப் பொறுத்தவரை ஆர்.ஓ. இருந்தால் செய்துவிடலாம். வெப்பம்தான் இடிக்கிறது: குளிரூட்டும் இயந்திரம் இரவு பகலாக ஓட வேண்டும், கரண்ட் பில்லை நினைத்தால் அந்த ஆசை அடங்கிவிடும்.

2024 ஓகஸ்டில் தாளையடியில் திறந்த கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையும் நாங்கள் அடுப்படியில் பூட்டுகிற அதே ஆர்.ஓ.தான், அளவு மட்டும் நாளுக்கு 24,000 கனமீற்றர். அங்கேயும் உப்பை எடுத்த பிறகு கனிமத்தைத் திரும்பச் சேர்த்து, குளோரீனும் போட்டுத்தான் குழாயில் விட வேண்டும். குழாய் நீர் வருகிற வீட்டுக்காரர் ஒருநாள் முன்னதாகவே வாளியில் பிடித்துக் காற்றுக்கல் போட்டு வைத்து, மீற்றரையும் இரண்டு சொட்டுச் சோதனையையும் செய்து பார்க்கட்டும். கிணற்றைவிட அது இறாலுக்குத் தோதாக அமையவும் கூடும்.